அமுதா ஏன் கடைசியில்?

“மிஸ், இந்தக் கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. யாழினி முதல்ல வர்றா, அமுதா கடைசியில கிடக்கிறா. ஏன் மிஸ்?”

கேட்டவள் வேதவல்லி. பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, நாற்பத்து மூன்று வயதில் புரோகிராம் எழுதப் படிக்க வந்தவள். குரு ஜெசிந்தாவுக்கு வயது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்.

“அடுத்த கேள்வி கேளுங்க அக்கா,” என்றாள் ஜெசிந்தா.

அந்தப் பயிற்சி மையத்தில் எல்லோருக்கும் தெரிந்த பதில் அது. கேள்வி சரியில்லை என்றால் அவள் வாயிலிருந்து வேறெதுவும் வராது. கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம்.

வேதவல்லிக்கு இன்று பொறுமை ஏது? பதினோரு மணிக்குப் பள்ளித் தலைமையாசிரியை வருகிறார். மாணவிகளின் பெயர்களை அகர வரிசையில் அடுக்கிக் காட்டினால் பள்ளி அலுவலகத்தில் வேலை. இல்லாவிட்டால் பழையபடி அடுப்படிதான். நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

“நான் எங்க தப்பு பண்ணேன்?”

“அடுத்த கேள்வி.”

“மெஷின் பழுதா?”

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அடுத்த கேள்வி.”

வேதவல்லிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கோபப்படக்கூட நேரமில்லை என்பதும் உடனே உறைத்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“‘அ’தான் முதல்ல வரணும்னு அதுக்கும் தெரியும். அப்போ... பேருல எந்த எழுத்தைப் பாக்குது?”

இந்த முறை குரு ‘அடுத்த கேள்வி’ என்று சொல்லவில்லை. கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஓஹோ, கேட்க வேண்டிய இடம் அதுவா! நீ பார்க்கிற எழுத்தைக் காட்டு என்று வேதவல்லி புரோகிராமில் ஒரு வரி சேர்த்தாள்.

யாழினிக்கு ‘அ’ என்று வந்தது. அமுதாவுக்கு ‘வ’.

பட்டியலை மறுபடி படித்தாள். அ. யாழினி. வ. அமுதா. காலையிலிருந்து கண் தாண்டித் தாண்டிப் போன இனிஷியல் எழுத்துகள்.

“அடக் கடவுளே! பொண்ணைக் கூப்பிட்டா அப்பாதான் முன்னாடி வந்து நிக்கிறாரு!”

வாய்விட்டுச் சிரித்தாள். மணி பத்தே முக்கால்.

“அவரை எப்படி மிஸ் பின்னாடி அனுப்புறது?”

ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “இதுக்குப் பதில் சொல்றேன் அக்கா. முதல்ல நீங்க...”

வேதவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, இருங்க மிஸ். சொல்லிடாதீங்க.”