தேரி மேட்டுச் சிப்பிகள்

“கடல் ஒரு காலத்துல இந்தத் தேரி உச்சி வரைக்கும் வந்திருக்கு மேடம். கையெழுத்துப் போடுங்க” என்றார் மாசானம்.

கையில் ஒரு சாக்கு. சாக்கு நிறையப் பழைய மட்டிச் சிப்பி. எல்லாம் அந்தச் செம்மணல் மேட்டு உச்சியில் அவரே தோண்டி எடுத்தவை.

மாசானம் சீடர். ஆதிகாலத்தில் கடல் எதுவரைக்கும் நின்றது என்று கண்டுபிடிப்பது அவருடைய ஆராய்ச்சி. குரு செல்லக்கனி, வயதில் அவருக்கு இளையவர். அவர் இவரை அண்ணாச்சி என்பார், இவர் அவரை மேடம் என்பார். மரியாதைக்குக் குறைவில்லை. ஆய்வேட்டில் மேடத்தின் கையெழுத்துதான் கிடைத்தபாடில்லை.

“இந்தத் தடவையும் பட்டம் வாங்கலேன்னா சோறு கிடையாதுன்னு எங்க வீட்டுல சொல்லிட்டா மேடம். அவ ஊரெல்லாம் டாக்டர் பொண்டாட்டின்னு சொல்லிக்கிட்டு அலையுதா.”

“சோறு இங்க ஆக்கிக்கிடலாம். குழம்புக்குச் சந்தையில மட்டி வாங்கிட்டு வாங்க, அண்ணாச்சி.”

ஆராய்ச்சியைக் கேட்டால் சமையலைச் சொல்கிறாரே என்று மாசானத்துக்கு எரிச்சல். இருந்தாலும் பஸ் ஏறிப் போய், பேரம் பேசி வாங்கிவந்தார்.

மேட்டு உச்சியிலேயே அடுப்பு மூட்டினார்கள். மட்டி வெந்து வாய் திறந்தது. கறியை உறிஞ்சிவிட்டுச் சிப்பியை முதுகுக்குப் பின்னால் வீசிக்கொண்டே இருந்தார் மாசானம். மறுசோறு போட்டுக்கொண்டபோது எரிச்சல் போயே போய்விட்டது.

செல்லக்கனி கை கழுவிவிட்டுச் சாக்கை அவிழ்த்தார். மாசானம் வீசிய சிப்பிகளுக்குப் பக்கத்தில் அதைக் கொட்டினார்.

“சந்தையில பொடிசு இல்லியா, அண்ணாச்சி?”

“கெடந்துது. அதுல என்ன கறி இருக்கு? பெருசாப் பாத்துப் பொறுக்குனேன்.”

“உங்க சாக்குல?”

மாசானம் குனிந்தார். அள்ளி அள்ளிப் பார்த்தார். ஒரு பொடிசுகூட இல்லை. சிலதில் கரி ஒட்டியிருந்தது.

“கடல் கொண்டாந்து போட்டா பெருசு, சிறுசு பாக்குமா?” என்று கேட்டார் செல்லக்கனி.

மாசானம் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“எவனோ தின்னுட்டுப் போட்ட எச்சிலையா நான் இத்தனை நாளும் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சேன்?”

“ஆமா” என்றார் செல்லக்கனி. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் மாசானத்துக்கும் முடியவில்லை.

சிரித்து ஓய்ந்த பிறகு மாசானம் காலிச் சாக்கை உதறி மடித்தார்.

“அப்போ கடல் வரல. என் ஆராய்ச்சி போச்சு.”

“மேட்டுக்கு வரல. ஆனா தின்னவன் என்ன, பஸ் ஏறிச் சந்தைக்கா போனான்?”

மாசானம் எழுந்தார். மேட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கீழே எங்கு பார்த்தாலும் காய்ந்த நிலம். கடல் கண்ணுக்கே எட்டவில்லை. மட்டியோ உப்புத் தண்ணீர்ச் சேறு இல்லாமல் பிழைக்காது.

“தண்ணி இங்கதான் எங்கயோ பக்கத்துல நின்னிருக்கு மேடம்” என்றார் மெதுவாக. மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “எங்க தோண்டட்டும்?”

“நீங்க அவனா இருந்து பசிச்சா, மட்டி பொறுக்க எந்தப் பக்கம் இறங்குவீய, அண்ணாச்சி?”