பலகையில் போடாத கை

நெருங்கி உட்காருங்க. இன்னும் கொஞ்சம். இது சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை. சங்கத்து ஆட்கள் காதில் விழுந்தால் சைக்கிளை உருட்டிக்கொண்டு மொத்தமாக வந்து நின்றுவிடுவார்கள். அப்புறம் டீ வாங்கிக் கொடுத்து முடியாது.

மணல்விளை விலக்கு ரோட்டில் ஒரு பீரோ கம்பெனி இருந்தது. ஒரு வாசலில் இரும்புத் தகடு உள்ளே போகும், மறு வாசலில் பீரோ வெளியே வரும். நடுவில் முப்பது சொச்சம் பேர் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு கொடி. கொடிக்குக் கீழே, கேட்டுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், ஆணியில் தொங்குகிற ஒரு கரும்பலகை. சங்கத்துச் சேதி எல்லாம் அதில்தான் வரும்.

அந்தக் கம்பெனியில் தகடு வளைக்கிற மெஷின் பக்கத்தில் சந்தனமாரி என்று ஒருத்தி வேலை பார்த்தாள். அதிகம் பேசமாட்டாள். அவள் வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவள் ஒருத்திதான்.

மெஷினை ஓட்டுகிறவர் சுடலைக்கண்ணு. சங்கத்தின் தலைவரும் அவர்தான். தலைவர் என்றால் முழுக்கைச் சட்டை போட வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வெயிலானாலும் முழுக்கை, வேலையானாலும் முழுக்கை. ஒருநாள் மதியம் அந்தக் கை, தகட்டோடு சேர்ந்து மெஷினுக்குள் போக ஆரம்பித்தது. சுடலைக்கண்ணு அழுது கூப்பாடு போட்டார். ஓடி வந்தவர்கள் எல்லாரும் கூடச் சேர்ந்து கூப்பாடு போட்டார்கள். சந்தனமாரி மட்டும் சிவப்பு பட்டனை ஓங்கி ஒரு குத்து குத்தினாள். மணிக்கட்டைத் தொட இரண்டு விரற்கடை இருக்கும்போது மெஷின் நின்றது.

சட்டை கிழிந்தது, கை தப்பியது. ஒரு தகடு கோணிப்போனது. மேனேஜர் வந்தார். கையைப் பார்க்கவில்லை, தகட்டைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு மெஷினை நிறுத்தின?"

"கேட்டுட்டு வாரதுக்குள்ள அண்ணாச்சி கை பீரோவுல போயிருக்கும் சார்."

அந்தப் பதில் மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. அனுமதி இல்லாமல் உற்பத்தியை நிறுத்தினாள் என்று சொல்லி சஸ்பெண்ட் செய்தார். அடுத்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. வெளியூரிலிருந்து ஒரு வக்கீல் வந்து விசாரிப்பார். கை மாட்டியது உண்மைதான் என்று சங்கத்து ஆட்கள் வந்து சொன்னால் அவள் வேலை நிலைக்கும். சொல்லாவிட்டால் போகும்.

சங்கத்துச் செயலாளர் தங்கப்பழத்துக்கு அந்த வாரம் பார்த்துக் குடலிறக்க ஆபரேஷன். சங்கத்தில் அதிகம் படித்தவர் அவர்தான், ஒன்பதாம் வகுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆட்டோவை நிறுத்தி, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பலகையில் எழுதினார்:

"உறுப்பினர்களுக்கு நினைவூட்டல். ஒன்று: பலகையில் வருவதே சங்கத்தின் செய்தி. மற்றதெல்லாம் வதந்தி, நம்ப வேண்டாம். இரண்டு: நிர்வாகம் நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். மூன்று: மேனேஜர் அறைக்கு யாரும் தனியாகப் போக வேண்டாம். நான்கு: வியாழன் பதினோரு மணிக்கு சந்தனமாரி விசாரணை. அனைவரும் வந்து பார்த்ததைச் சொல்லவும்."

எழுதிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். அவர் கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் எல்லாரும் பலகையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

திங்கட்கிழமை காலையில் வாட்ச்மேன் வழக்கம்போல வருகை நோட்டை நீட்டினான். பெயிண்ட் அடிக்கிற வில்லாயுதம் பேனாவைத் தொடப் போனவர், தீயைத் தொட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார்.

"வே, இது யாரு நோட்டு?"

"கம்பெனி நோட்டு."

"நீட்டுதது யாரு?"

"கம்பெனி ஆளு."

"அப்போ ரெண்டாம் நம்பர்லா!" என்றார் சுடலைக்கண்ணு. "யாரும் போடாதீங்க."

ஒருத்தரும் போடவில்லை. நாள் முழுக்க வேர்வை சொட்டச் சொட்ட வேலை செய்தார்கள். பதினாலு பீரோ வெளியே வந்தது. நோட்டில் மட்டும் அன்றைக்கு ஒருவரும் வேலைக்கு வரவில்லை. சாயங்காலம் அதைக் கேள்விப்பட்டு வில்லாயுதம் நிமிர்ந்து நின்றார். "ஆளே வராம பதினாலு பீரோ செஞ்சிருக்கோம். இந்த ஒற்றுமை எந்தச் சங்கத்துல வே இருக்கு?"

செவ்வாய்க்கிழமை மேனேஜர் வில்லாயுதத்தைக் கூப்பிட்டனுப்பினார். பச்சை பெயிண்ட் எத்தனை டப்பா மிச்சம் என்று கேட்கத்தான். மூன்றாம் நம்பர் ஞாபகம் வந்தது. முப்பது பேரும் கூடப் போனார்கள். அறையில் நாலு பேர் நிற்கலாம். மீதிப் பேர் மேசை மேல் ஏறினார்கள், ஜன்னலில் தொற்றினார்கள். மாதிரிக்கு வைத்திருந்த பீரோவுக்குள் மூன்று பேர் புகுந்தார்கள். கதவு தானாக மூடிக்கொண்டது.

"எத்தனை டப்பாய்யா இருக்கு?" என்றார் மேனேஜர், யாரோ ஒருத்தருடைய முழங்காலுக்கு அடியிலிருந்து.

"ரெண்டு சார்."

"ரெண்டு சார்" என்றது பீரோவும்.

இதையெல்லாம் சந்தனமாரி கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சஸ்பெண்ட் ஆனவள் உள்ளே போகக்கூடாது. அவள் வேலை இந்தத் தலைகளில்தான் தொங்கியது.

புதன்கிழமை மத்தியானம் மழை பெய்தது. சாரல் பலகையின் அடிப்பாதியைக் கழுவிவிட்டது. முதல் மூன்றும் நின்றன. நாலாம் நம்பர் தண்ணீரோடு ஓடி ஓடையில் கலந்துவிட்டது.

சாயங்காலம் ஆட்கள் வெளியே வந்தார்கள். சந்தனமாரி சுடலைக்கண்ணுவை மறித்தாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு மறந்திராதீங்க. பதினோரு மணி."

"நாளைக்கு என்ன தாயி?"

"எனக்கு விசாரணை."

சுடலைக்கண்ணு பலகையைப் பார்த்தார். மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம். "அப்படி ஒண்ணும் போடலியே."

"மழையில அழிஞ்சிட்டு. நேத்து வரைக்கும் நீங்கதான தினம் வாசிச்சீங்க?"

"நேத்து விசாரணை இருந்திச்சி. இன்னைக்கு இல்ல. சங்கம் எதையோ யோசிச்சித்தான் மழையை விட்டிருக்கும்."

"உங்க கை மாட்டுனது உண்மைதான அண்ணாச்சி?"

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை இருக்கு. மாட்டுச்சின்னு நீ சொல்லுத. பலகையில வரலியே தாயி."

"அன்னைக்கு அப்படி அழுதீங்களே!"

"அழுதேன். இல்லன்னு சொல்லல. எதுக்கு அழுதேன்னு சங்கம் இன்னும் அறிவிக்கல."

"தலைவர் சொல்லுதது சரிதான்" என்றார் வில்லாயுதம். "ஆளாளுக்குத் தன் கையைப் பத்தித் தானே முடிவு பண்ண ஆரம்பிச்சா, பொறகு சங்கம் என்னத்துக்கு?"

சந்தனமாரிக்கு அழுகை வரவில்லை. வேறொன்று வந்தது. பலகையின் சட்டத்தில் கிடந்த சாக்பீஸ் துண்டை எடுத்தாள். அத்தனை பேரும் சுற்றி நின்று பார்க்க, காலியாகக் கிடந்த இடத்தில் எழுதினாள்: "நான்கு: நாளை பதினோரு மணிக்கு சந்தனமாரி விசாரணை. எல்லோரும் வரவும்."

எழுதிவிட்டு விலகி நின்றாள். அவர்கள் எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். வாசித்து முடித்ததும் சுடலைக்கண்ணுவின் முகம் வெளிறிவிட்டது.

"ஏ தாயி! நாளைக்கு உனக்கு விசாரணையாம்லா! இவ்வளவு பெரிய விஷயத்தை எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

வில்லாயுதம் மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "எழுத்து உருண்டையா இருக்கே. தங்கப்பழம் எழுத்து முள்ளுவேலி மாதிரிலா இருக்கும்?"

"வயித்தைக் கிழிச்சித் தச்சிருக்காங்க. எழுத்து மட்டும் அப்படியே இருக்குமா?" என்றார் சுடலைக்கண்ணு.

"அவரு ஆஸ்பத்திரியிலல்லா படுத்திருக்காரு?"

"படுத்துக்கிட்டே இங்க எழுதுதாரு. செயலாளர்னா சும்மாவா வே?"

"இல்ல, இப்ப இந்தப் பிள்ளைதான் எழுதுன மாதிரி இருந்திச்சி."

"நான் எழுதினேன்னு பலகையில இருக்கா?" என்றாள் சந்தனமாரி.

வில்லாயுதம் தேடிப் பார்த்தார். இல்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

அன்று ராத்திரி சந்தனமாரி நிம்மதியாகத் தூங்கினாள். மேனேஜர் தூங்கவில்லை. வியாழக்கிழமை காலையில் அவள் பத்தரைக்கு வந்து பார்த்தால், நாலாம் நம்பர் துடைத்திருந்தது. அந்த இடத்தில் அச்சுப்போல அழகான கையெழுத்தில், "இன்று விசாரணை இல்லை. அனைவரும் வீட்டுக்குப் போகவும்" என்று இருந்தது. டீ குடிக்க வெளியே வந்த ஆட்கள் அதை வாசித்துவிட்டுச் சைக்கிள்களைத் திருப்பிப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சுடலைக்கண்ணு ஒரு காலைப் பெடலில் வைத்துவிட்டார்.

அவள் சாக்பீஸை எடுத்து அதற்கு அடியில் எழுதினாள்: "மேலே உள்ள வரி வதந்தி."

சைக்கிள்கள் நின்றன.

"மேல உள்ள வரி பலகையில இருக்கு. அப்போ உண்மை" என்றார் வில்லாயுதம்.

"அது வதந்தின்னு சொல்லுத வரியும் பலகையிலதான் இருக்கு. அதுவும் உண்மை" என்றார் சுடலைக்கண்ணு.

"அப்போ மேல உள்ளது?"

தலைவர் பெடலிலிருந்து காலை எடுத்தார். நெற்றியைச் சொறிந்தார். மணி பத்தே முக்கால். பத்து ஐம்பது. சந்தனமாரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அது உண்மையான வதந்தி" என்றார் கடைசியில். "சங்கமே ஏத்துக்கிட்ட வதந்தி. அதனால நம்ப வேண்டாம்."

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டிக்கொண்டே விசாரணை நடக்கிற ஷெட்டுக்குள் போனார்கள்.

வக்கீல் மூக்குக் கண்ணாடி போட்ட வயதான மனிதர். பக்கத்தில் மேனேஜர். வக்கீல் சுடலைக்கண்ணுவைப் பார்த்து, "அன்னைக்கு நீங்க பார்த்ததைச் சொல்லுங்க" என்றார்.

"காலையில எந்திச்சேன் சார். கூரை மோட்டைப் பார்த்தேன். ஒரு பல்லி. பொறகு வேட்டியைப் பார்த்தேன், காணல. தேடிப் பார்த்தேன்..."

பதினொன்றரைக்குப் பல் விளக்கினார். பதினொன்று நாற்பதுக்கு இட்லி.

"மெஷின்கிட்ட வாங்க" என்றார் வக்கீல்.

"இன்னும் வீட்டை விட்டே கெளம்பல சார்."

"உங்க கை மெஷின்ல மாட்டிச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

சுடலைக்கண்ணு வருத்தத்தோடு தலையாட்டினார். "அது இன்னும் பலகையில வரல சார். வராததைச் சங்கத் தலைவர் நானே சொல்லக்கூடாது."

மேனேஜர் சிரித்தார். வக்கீல் பேனாவைத் திறந்தார். "கை மாட்டியதாகத் தலைவர் சொல்லவில்லை" என்று எழுதப் போகிறார்.

சந்தனமாரி எழுந்து ஓடினாள். கேட்டுக்கு வெளியே போய்ப் பலகையை ஆணியோடு பிடுங்கினாள். முதுகில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்து ஷெட்டின் நடுவில் நிறுத்தினாள். முந்தானையால் கீழ்ப்பாதியை ஒரு துடை துடைத்துவிட்டு எழுதினாள்: "சுடலைக்கண்ணு கை மெஷினில் மாட்டியது. சந்தனமாரி நிறுத்தினாள்."

சுடலைக்கண்ணு வாசித்தார். முதலில் தன் பெயரைக் கண்டு சந்தோஷப்பட்டார். பிறகு 'கை' என்பதை வாசித்தார். 'மெஷினில்' என்பதை வாசித்தார். 'மாட்டியது' என்று வந்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு அலறல் கிளம்பியது.

"ஐயோ! என் கை!"

தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். சங்கம் முழுக்க அழுதது. ஒருவர் துண்டைக் கிழித்து அவர் தோளில் கட்டுப் போட்டார். வில்லாயுதம் மேசைக்கு அடியில் குனிந்து விழுந்த கையைத் தேடினார். வக்கீலே மேசை மேல் வைத்திருந்த தன் கையை மெல்ல மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"சார், இது இப்போ அவ எழுதினது! உங்க கண்ணு முன்னாடிதான் எழுதினா!" என்று மேனேஜர் குதித்தார்.

"வதந்தி!" என்றார்கள் முப்பது பேரும்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுகிறவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். "இந்தக் கம்பெனியில மெஷினை நிறுத்தத் தெரிஞ்ச ஆள் இவங்க ஒருத்தர்தான் போலிருக்கு. இவங்களையும் அனுப்பிட்டா அடுத்த வாரம் நீங்க எல்லாரும் பீரோவாத்தான் வெளியே வருவீங்க" என்றார். குற்றம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, "ஐயோ பாவம், ரெண்டாம் நம்பர் தெரியாத மனுசன்" என்று வில்லாயுதம் உச்சுக் கொட்டினார்.

வெள்ளிக்கிழமை சந்தனமாரி வேலைக்கு வந்தாள். பலகையை ஆணியில் மாட்டி, ஆட்கள் கேட்டார்களே என்று ஒரு சேதியும் எழுதிப் போட்டாள்: "செயலாளர் தங்கப்பழம் ஆஸ்பத்திரியில் நலமாக இருக்கிறார்."

சனிக்கிழமை காலை தங்கப்பழம் வந்து இறங்கினார். மெலிந்து, இடுப்பில் பெல்ட்டு போட்டு, ஆட்டோக்காரன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை யாரும் உள்ளே விடவில்லை.

"ஏலே, நான்தாம்லே தங்கப்பழம்!"

"அவரு ஆஸ்பத்திரியில இருக்காரு" என்றார் சுடலைக்கண்ணு. "நலமா இருக்காரு."

"வந்துட்டேம்லே! கண்ணு தெரியலையா? இந்தா பாரு தையலு!"

"தையல் நல்லாத்தான் போட்டிருக்கு. ஆனா நீங்க வதந்தி."

தங்கப்பழம் பலகையைப் பார்த்தார். உருண்டை எழுத்தைப் பார்த்தார். கூட்டத்துக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்த சந்தனமாரியைப் பார்த்தார். விசாரணை என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. வேலை தப்பியதா என்று கேட்கவில்லை.

"நான் ஒரு வாரம் அசந்தா, பொம்பள கைக்குச் சாக்பீஸ் போயிருமா?" என்றார்.

சந்தனமாரி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு பலகைக்குப் போனாள். தங்கப்பழம் வந்துவிட்டார் என்று எழுதப் போகிறாள் என்று நினைத்து அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து வந்தார். அவள் பழைய வரியை அழித்துவிட்டு எழுதினாள்: "இன்று முதல் சங்கச் செயலாளர் சந்தனமாரி."

"ஆகா!" என்றார் சுடலைக்கண்ணு. முப்பது பேரும் கை தட்டினார்கள்.

தங்கப்பழம் அதை இரண்டு தரம் வாசித்தார். முகம் தொங்கிப்போய்விட்டது. "தேர்தல் எப்பம்லே நடந்திச்சி? ஆஸ்பத்திரியில கிடந்ததுல எனக்குத் தெரியாமலே போயிட்டே" என்றார்.

சந்தனமாரிக்குப் பாவமாக இருந்தது. சாக்பீஸை மறுபடி எடுத்து, அதற்கு அடியில் இன்னொரு வரி எழுதினாள்: "முன்னாள் செயலாளருக்கு ஒரு டீ கொடுக்கவும். சீனி கம்மியாக."