கூப்பிடாத வேர்

மலையடிவாரத்து ஆசிரமத்தில் அந்த ஆண்டு தட்டைப்பயறு விதைத்தார்கள். திருமேனிக்கு ஒரு பாத்தி, செங்கமலத்துக்கு ஒரு பாத்தி. திருமேனி பெரிய பண்ணையைக் கட்டி ஆண்டுவிட்டு நடுவயதில் அடிகளிடம் சீடனாக வந்தவன். செங்கமலம் அதிகம் பேசாதவள். விதையைப் பொறுக்கி இருவருக்கும் பிரித்தது அவள்தான்.

திருமேனி ஆட்டெருவும் புண்ணாக்குக் கரைசலும் கொட்டி வளர்த்தான். செடி கருகருவென்று தழைத்தது, காய் பிடிக்கவில்லை. செங்கமலத்தின் பாத்தி வெறும் செம்மண். அங்கே கொத்துக் கொத்தாகக் காய்.

அடிகள் வெளியூர் போயிருந்த நேரம். பந்தியில் எல்லோர் முன்னிலையிலும் திருமேனி வாயை விட்டான்.

"நல்ல விதையைத் தனக்கு வைத்துக்கொண்டாள். சொத்தையை என் தலையில் கட்டிவிட்டாள்."

யாரும் பேசவில்லை. செங்கமலம் பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டு எழுந்தாள். மறுநாள் காலையில் அவள் அங்கே இல்லை.

அடிகள் திரும்பி வந்தார். நடந்ததைக் கேட்டார். திருமேனியைப் பாத்திக்கு அழைத்துப் போனார்.

"உன் செடி ஒன்றைப் பிடுங்கு."

பிடுங்கினான். வேர் வழவழவென்று இருந்தது.

"அவளுடையதில் ஒன்று."

அந்த வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சுகள்.

"ஏதோ நோய் போலிருக்கிறது சுவாமி."

அடிகள் ஒரு முடிச்சை நகத்தால் பிளந்தார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது.

"கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இதற்குள் குடியிருக்கின்றன. காற்றிலிருந்து சத்தை எடுத்துச் செடிக்குக் கொடுக்கின்றன. செடி அவற்றுக்குச் சோறு போடுகிறது."

"என் மண்ணில் அவை இல்லையா?"

"இருக்கின்றன. மண்ணில் அந்தச் சத்து குறைந்தால் வேர் அவற்றைக் கூப்பிடும். நீ பசிக்கவே விடவில்லை; கொட்டிய எருவெல்லாம் இலையாகப் போனது, காயாகவில்லை. உன் செடி யாரையும் கூப்பிடவில்லை."

திருமேனி இரண்டு வேர்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"விதை, சுவாமி?"

"இரண்டும் ஒரே விதைதான்."

அவன் கையிலிருந்த செடி நழுவி விழுந்தது. அவளுடைய மடித்த இலை கண்ணுக்குள்ளேயே நின்றது. செருப்பைக்கூட மாட்டாமல் அவளைத் தேடிப் புறப்பட்டான்.

அடுத்த ஊர்ச் சத்திரத்தில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"தப்பு என்னுடையதும்மா. விதையில் குறையில்லை."

"நீங்க சொன்னது கூடப் பெரிசில்லைங்க," என்றாள் அவள், கையை நிறுத்தாமல். "அத்தனை பேர் இருந்தும் ஒருத்தரும் வாயைத் திறக்கலியே. அதுதான்."

"அத்தனை பேர் முன்னாலும் சொல்கிறேன்."

அன்று மாலைப் பந்தியில் செங்கமலம் உட்கார்ந்திருந்தாள். திருமேனி எழுந்து நின்றான். விதையில் குறையில்லை, தப்பு தன்னுடையது என்று முழுவதும் சொன்னான். கேட்டவர்கள் தலை குனிந்தார்கள்.

இலைகள் எடுத்த பிறகு அவன் அடிகளின் அருகில் வந்தான்.

"எரு கொட்டியபோதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சுவாமி? இந்தப் பாவம் நேர்ந்திருக்காதே."

"அப்போது தினமும் உன் பாத்தி ஓரத்தில் வந்து நின்றேன், திருமேனி," என்றார் அடிகள். "நீ கூப்பிடவில்லை."