ஒத்தையடி வெட்டிய வாய்க்கால்

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொல்கிறேன், கிட்ட வந்து உட்காருங்கள். கீரை முடிவதற்குள் கதையும் முடிந்துவிடும்.

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னே, கடல் தாண்டி ஒரு தேசத்தில் பேராறு ஒன்று ஓடியது. ஆற்றை ஒட்டிக் கோரைக்காடு. கோரைக்காட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மடு. அந்த மடுவில் நீர்யானைக் கூட்டம் குடியிருந்தது.

நீர்யானை பார்க்கத்தான் பாறை மாதிரி. வெயில் பட்டால் தோல் வெடித்துவிடும். அதனால் பகல் பூராவும் தண்ணீருக்குள் கிடக்கும். பொழுது சாய்ந்தால் கரையேறிப் புல் மேயும்.

அந்தக் கூட்டத்துக்கு ராசா பெருவாயன். அவன் வாயைத் திறந்தால் ஒரு ஆட்டுக்குட்டி உள்ளே நின்று திரும்பலாம். வாய் பெரிதானால் இடமும் பெரிது, அதுதான் அங்கே சட்டம்.

கூட்டத்தில் ஒரு தாய் இருந்தாள். வாயே திறக்க மாட்டாள். மற்றவர்கள் நாளுக்கொரு பக்கம் மேயப் போவார்கள். அவளோ குட்டி வழி தப்பிவிடுமோ என்ற பயத்தில், தினமும் ஒரே தடத்தில்தான் கோரைக்காட்டைத் தாண்டி ஆற்றங்கரைப் புல்லுக்குப் போவாள், வருவாள். மூன்று வருஷம் நடந்து நடந்து அந்தத் தடம் முழங்கால் ஆழம் இறங்கிவிட்டது. அதனால் எல்லோரும் அவளுக்கு வைத்த பெயர் ஒத்தையடி.

ஒரு கோடையில் ஆறு வறண்டு மணலாகிவிட்டது, மடுவும் வற்றியது. முதலில் கழுத்தளவு, பிறகு வயிற்றளவு, பிறகு வெறும் சேறு. எல்லோருக்கும் இடமில்லை.

பெருவாயன் சொன்னான்: "வாயைத் திறந்து காட்டுங்கள். யார் வாய் சின்னதோ, அவர் வெளியே!"

ஒத்தையடியின் முறை வந்தது. திறந்தாள், பாதி கூடத் திறக்கவில்லை. கூச்சத்தில் மூடிக்கொண்டாள்.

"இவ வாயில தவளை கூட நுழையாது போலிருக்கே!" என்று சிரித்தாள் பக்கத்தில் கிடந்த ஓட்டைப்பல் அக்கா. மடுவே சிரித்தது.

"குட்டியையும் கூட்டிக்கொண்டு கிளம்பு" என்றான் ராசா.

சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. குட்டியின் முதுகு காயத் தொடங்கியது.

"எங்கம்மா போறோம்?"

"எப்பவும் போற வழிதான் கண்ணு."

அதே தடத்தில் நடந்தாள். ஆற்றங்கரைக்குப் போனால், அடேயப்பா! மலையில் எங்கோ மழை. ஆறு செக்கச்செவேலென்று கரை முட்டி ஓடுகிறது. குட்டி ஓரத்தில் படுத்து உருண்டது. அவள் நினைத்திருந்தால் அங்கேயே இருந்திருக்கலாம்.

ஆனால் மடுவில் இன்னும் ஏழு குட்டிகள் சேற்றில் கிடந்தன.

அவளுடைய தடத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு மண்வரப்புதான். ஏறி மிதித்தாள். முதல் தடவை மண் நெகிழ்ந்தது. இரண்டாம் தடவை விரிசல் விட்டது. "அம்மா, போதும்மா" என்றது குட்டி. மூன்றாம் தடவை உடம்புப் பாரம் முழுவதையும் இறக்கினாள்.

உடைந்தது வரப்பு! ஆறு அவள் தடத்துக்குள் புகுந்து ஓடியது.

மடுவில் பெருவாயன் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தான். தாடையில் ஏதோ குளிர்ந்தது. தண்ணீர்! வயிறு நனைந்தது, முதுகு நனைந்தது. குட்டிகள் துள்ளின. அவன் வாயைப் பிளந்தபடி பார்த்தான்: கோரையை விலக்கிக்கொண்டு ஒத்தையடி வருகிறாள், முதுகில் குட்டி, பின்னாலேயே ஆறு!

"ராசா, வாயை மூடுங்க, தண்ணி உள்ள போகுது!" என்றாள் ஓட்டைப்பல் அக்கா. "இத்தனை நாள் உங்க வாயையே பார்த்தோம், அவ காலைப் பார்க்கலையே. இப்ப பாருங்க, வாய்க்கால்!"

பெருவாயன் மெதுவாக நகர்ந்து மடுவின் நடுவிடத்தை விட்டான். "தாயே, இங்கே வா" என்றான். ஒத்தையடி போய் நின்றாள். யாரும் அவளை வாய் திறக்கச் சொல்லவில்லை.

பிள்ளைகளே, வாயைப் பெரிதாகத் திறப்பவரை விட, சத்தமில்லாமல் தினமும் கால் எடுத்து வைப்பவரே ஊரைக் காப்பாற்றுவார்.

அந்தக் குட்டி இருக்கிறதே, அது வளர்ந்து பெரிதாகி, ஒருநாள் அதே வாய்க்கால் வழியாக... அடடா, பாப்பா முழிச்சு அழுவுதே! இதோ வந்துட்டேன் அத்தே, தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டுங்க, கையெல்லாம் கீரை, கழுவிட்டு வந்துடறேன். மிச்சக் கதை நாளைக்கு, பிள்ளைகளா!