ஒரு மழை பார்த்த வீடு

வறண்டு கிடந்த ஒரு காட்டுக் குளத்தின் பக்கம் செவ்வாலன் என்ற கீரியும் அதன் மனைவி சிலுப்பியும் வீடு தேடி அலைந்தன. அலைச்சல் என்றால் அப்படி ஓர் அலைச்சல்! சிலுப்பிக்கு வயிறு நிறையக் குட்டிகள். இன்றோ நாளையோ என்று இருந்தது. வானத்திலோ மேகம் கூடிக்கொண்டே வந்தது. மழைக்கு முன்னால் ஒரு பொந்து கிடைத்தே ஆக வேண்டும்.

குளத்து மேட்டில் ஒரு பழைய கரையான் புற்று இருந்தது. சிலுப்பி உள்ளே நுழைந்து பார்த்தது. வாசல் கோணல். வழி வளைசல். கூரையெல்லாம் வேர். ஆனால் தரை நன்றாகக் காய்ந்திருந்தது. மூலையில் ஒரு பாம்புச் சட்டை, உரித்துப் போட்டது போட்டபடியே கிடந்தது.

"ஏங்க, இங்கே வாங்களேன்! இந்தச் சட்டையைப் பாருங்க! உரிச்சு எவ்வளவோ காலமாச்சு. தண்ணி ஏறியிருந்தா இது இப்படிக் கிடக்குமா?"

செவ்வாலனுக்கு மீசை துடித்தது. "பாம்பு வாழ்ந்த வீட்டுல கீரி குடியேறுறதா? எங்க அப்பா எத்தனை பாம்பு அடிச்சவரு தெரியுமா! சொந்தக்காரங்க காறித் துப்புவாங்க!"

"அந்தப் பாம்புதான் எப்பவோ போயிருச்சே!"

"வாசனை போகலையே! எனக்குப் புது வீடுதான் வேணும். வேற யாரும் கால் வைக்காத வீடு!"

வறட்டு கௌரவம்! அது தலைக்கு ஏறிவிட்டால் யார் சொல்லிக் கேட்கும்?

இதையெல்லாம் ஒரு பெருச்சாளி ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. கீரியைக் கண்டால் தலைதெறிக்க ஓட வேண்டிய பிராணி, அன்று ஓடவில்லை. எட்ட நின்று பெரிய கும்பிடாகப் போட்டது.

"புது வீடுதானே ஐயா? நான் தோண்டித் தர்றேன்! அதோ, குளத்துக்குள்ளே அருமையான மண்ணு. நீங்க சொல்ற மாதிரி வாசல்! ஒண்ணே ஒண்ணு. எங்க குடும்பத்து மேல மட்டும் நீங்க வாய் வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டேன், சத்தியம்! போய்த் தோண்டு!"

பெருச்சாளி மண்ணை வாரி வாரி இறைத்தது. பொழுது சாய்வதற்குள் வீடு தயார்! வட்டமான வாசல், வழவழப்பான சுவர், கமகமவென்று புது மண் வாசனை. செவ்வாலன் உள்ளே ஓடியது, வெளியே ஓடியது, மறுபடியும் உள்ளே ஓடியது.

"ஆகா! சிலுப்பி, வந்து பாரு! ஒரு வேர் இல்லை, ஒரு பூச்சி இல்லை!"

"இது குளமாச்சேங்க" என்றது சிலுப்பி.

"தண்ணியே இல்லாத குளம்மா!" என்று பெருச்சாளி சிரித்தது. "சந்தேகமா இருந்தா ஓணானைக் கேளுங்க. பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்காரு."

பக்கத்துக் கள்ளிச்செடியில் ஓர் ஓணான் உட்கார்ந்திருந்தது.

"ஓணான் அண்ணே! இந்த வீடு மழை தாங்குமா?" என்று செவ்வாலன் கத்தியது.

ஓணான் தலையை ஆட்டியது.

"பார்த்தியா! சாட்சியே சொல்லியாச்சு!"

சிலுப்பி முன்னால் வந்தது. "அண்ணே! மழை பெய்தா இந்தக் குளம் நிரம்புமா?"

ஓணான் அதற்கும் தலையை ஆட்டியது. இன்னும் வேகமாக ஆட்டியது!

"இப்ப என்ன சொல்றீங்க?"

"என் கேள்விக்குத்தான் இன்னும் ஆட்டுது! எதைக் கொடுத்தாலும் குறை சொல்றதே உனக்கு வேலை!"

சிலுப்பிக்கு அழுகை வந்தது. கூடவே இடுப்பு வலியும் வந்துவிட்டது. இனிமேல் எங்கே போய்ச் சண்டை போடுவது? புது வீட்டுக்குள் போய்ப் படுத்தது. விடிவதற்குள் மூன்று குட்டிகள் பிறந்தன.

விடிந்ததும் பிடித்தது மழை. கொட்டு கொட்டென்று கொட்டியது! சுற்றியிருந்த மேட்டுத் தண்ணீரெல்லாம் குளத்துக்குள் பாய்ந்தது. செவ்வாலன் மண்ணை அள்ளி வாசலை அடைத்தது. அடைக்க அடைக்க மண் கரைந்தது. கூரை பொலபொலவென்று உதிர்ந்தது. மண்ணைப் பிடித்து நிறுத்த ஒரு வேர்கூட இல்லை!

"ஐயோ, குட்டிங்களைத் தூக்குங்க!"

சிலுப்பி ஒன்றைக் கவ்வியது. செவ்வாலன் ஒன்றைக் கவ்வியது. மேட்டுக்கு ஓடி, பழைய புற்றுக்குள் இரண்டையும் போட்டன. மூன்றாவது? அது இன்னும் உள்ளேயே கிடந்தது!

செவ்வாலன் திரும்பிப் பாய்ந்தது. வாசல் இருந்த இடத்தில் சேற்றுத் தண்ணீர் சுழன்றது. மூச்சை அடக்கிக்கொண்டு முங்கியது. சிலுப்பி கரையில் நின்று கதறியது. ஒருவழியாகச் செவ்வாலன் தலையைத் தூக்கியபோது வாயில் குட்டி இருந்தது. ஆனால் அசையவில்லை.

புற்றுக்குள் கொண்டுபோய் இரண்டும் நக்கின, உருட்டின. கடைசியில் குட்டி "கீச்" என்றது! செவ்வாலன் மூலையில் கிடந்த பாம்புச் சட்டையை அவசரமாக இழுத்து வந்து அதன் மேல் போட்டது.

"எங்க அப்பா இதைப் பார்த்தா..." என்று முனகியது.

"உங்க அப்பா கிடக்கட்டும். இன்னும் கொஞ்சம் நல்லா போர்த்துங்க!"

அப்போது புற்றின் பின்பக்கம் சரசரவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் அதே பெருச்சாளி! பெண்டாட்டி பிள்ளைகளோடு, ஒரு மயிர்கூட நனையாமல் உட்கார்ந்திருந்தது.

"அடப்பாவி! நீ இங்கேயா குடியிருக்கே?"

பெருச்சாளிக்குப் பயத்தில் வாய் தவறி உண்மை வந்துவிட்டது. "அந்தப் பாம்பு போன பிறகு, எங்க பாட்டன் காலத்திலிருந்து இங்கேதான் ஐயா! நீங்க பக்கத்துல வந்துடக் கூடாதேன்னுதான் அங்கே..."

செவ்வாலன் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. சிலுப்பி குறுக்கே விழுந்து தடுத்தது.

"சத்தியம் பண்ணியிருக்கீங்க, விடுங்க! பெருச்சாளியாரே, நீங்க கட்டின புது வீடு காலியாத்தான் இருக்கு. ஒரு வேர் இல்லை, ஒரு பூச்சி இல்லை. குடும்பத்தோட போய் இருந்து பாருங்களேன்!"

பெருச்சாளி தளும்பி நிற்கும் குளத்தைப் பார்த்தது. செவ்வாலனின் பல்லைப் பார்த்தது. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு, கொட்டும் மழையில் காட்டுக்குள் எடுத்தது ஓட்டம்! கள்ளிச்செடியில் இருந்த ஓணான் அதற்கும் தலையை ஆட்டியது.

பளபளக்கும் புது வீடானாலும் கோணல் வாசல் பழைய வீடானாலும், அது ஒரு மழையையாவது தாங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே குடிபோக வேண்டும்.