செட்டுக்குப் பங்கு பிரித்த ஊர்

சொரட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தேய்ந்துவிடக் கூடாதென்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் நாச்சிமுத்துவின் மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். ஊர்க் கிணற்று மோட்டாரோ புகைந்து கிடக்கிறது. "தண்ணியில்லாத ஊருல கை நனைக்க மாட்டோம்" என்று சம்பந்தி வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மோட்டாரைப் பார்க்க வரும் அதிகாரி வடக்கத்திக்காரர். தமிழ் தெரியாது, இங்கிலீஷ்தான்.

"இங்கிலீஷுக்கு நாம எங்கீங்க போறது?" என்று தலைவர் ரங்கப்பனிடம் அழாத குறையாகக் கேட்டான்.

தலைவர் வாத்தியாரிடம் விசாரித்துவிட்டு வந்தார். "செட்டுன்னு ஒரு வார்த்தை இருக்குது. சாமான் சேர்ந்தா செட்டு, தயிர் உறைஞ்சா செட்டு, பொழுது சாய்ஞ்சாலும் செட்டாம். அகராதியில பக்கம் பக்கமா அர்த்தம். இது ஒண்ணு போதும், மத்ததெல்லாம் வெட்டிச் செலவு."

"அர்த்தம் ஒண்ணோட ஒண்ணு கலந்துட்டா?" என்றான் கூட நின்ற காளியண்ணன்.

"கெணத்துத் தண்ணிக்கு மொற வெச்சுப் பிரிக்கறமல்ல? அதாட்டப் பிரிச்சுக்குவோம். ஆளுக்கு ஒரு அர்த்தம்."

பிரித்தார்கள். தலைவர் சொன்னால் 'வணக்கம்'. காளியண்ணன் சொன்னால் 'மோட்டார் புகைஞ்சு போச்சு'. நாச்சிமுத்து சொன்னால் 'என்ற புள்ளைக்குக் கல்யாணம், சீக்கிரம்'. அவன் பங்கு மட்டும் நீளமாக இருக்கிறதென்று காளியண்ணன் கயிறு கொண்டுவந்து அளக்கச் சொன்னான்.

அதிகாரி வந்து இறங்கினார்.

"செட்" என்று கும்பிட்டார் தலைவர். "செட்" என்றான் காளியண்ணன். நாச்சிமுத்து "செட்! செட்!" என்று கண்ணீரோடு காலிலேயே விழுந்தான்.

மனுசன் கெட்டிக்காரர், பாவம். புகைந்த மோட்டாரைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். ஜீப்பில் இருந்த புது மோட்டாரைக் காட்டி, "செட்?" என்றார்.

ஊரே திடுக்கிட்டது.

"நம்ம வார்த்தையை எடுத்துப் பேசறாரே! இவருக்குப் பங்கே கொடுக்கலையே!" என்றான் காளியண்ணன்.

"வந்த விருந்தாளிக்கு இல்லைன்னு சொல்லலாமா?" தலைவர் தாடையைச் சொறிந்தார். "ஒண்ணே ஒண்ணு மிச்சம் கெடக்குது. 'போயிட்டு வர்றேன்'. அதைக் கொடுத்துருவோம்."

"அப்ப அவரு கெளம்பறேங்கறாருங்க!"

பெரிய மனுசனைத் தடுக்கலாமா? மாலை போட்டு, அவர் கையை ஆட்டி ஆட்டி மறுத்ததையும் கேட்காமல், புது மோட்டாரோடு ஜீப்பில் ஏற்றித் தள்ளிவிட்டார்கள். முதல் ஆளாக நின்று தள்ளியவன் நாச்சிமுத்துதான்.

புழுதி அடங்கிய பிறகு அவனுக்கு உறைத்தது. "ஐயோ, வெள்ளிக்கிழமை சம்பந்திகளுக்குத் தாகம் எடுக்குமே!"

"அதெப்படி எடுக்கும்?" தலைவர் அதட்டினார். "தாகத்தை நாம யாருக்குமே பங்கு கொடுக்கலையே!"

நாச்சிமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கல்யாணத்துக்கென்று இரவல் வாங்கி வைத்திருந்த குடங்களை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான்.