பாதிரியார் வீட்டு ரெண்டாவது வாசல்

இங்கிலாந்துல ஒரு கிராமம். அங்க நூத்தறுபது வருஷத்துப் பழைய வீடு ஒண்ணு. ஒரு காலத்துல சர்ச் பாதிரியாருங்க குடும்பத்தோட இருந்தது. இப்ப மதுரைக்கார டாக்டர் ஞானசம்பந்தனோடது. வாங்கின கையோட பழுது பார்க்க, பழைய கட்டடங்களைச் செப்பனிடுற ஒரு ஆபீசுல இருந்து ரெஜினாவைக் கூப்பிட்டாரு.

ரெஜினாகிட்ட தொழில் கத்துக்க வந்தவர் முத்தரசு. அவளைவிடப் பதிமூணு வயசு பெரியவர், ஆனாலும் வாய் நிறைய "மேடம்"தான். இந்த வேலை நிலைச்சாதான் அவர் விசா நீளும்.

வீட்டுக்கு ரெண்டு வாசல். முன்னாடி கூர் வளைவும் தூணுமா ஜம்முனு ஒண்ணு. பக்கவாட்டுல, பாதிரியாரோட படிப்பறைக்கு நேரா, குனிஞ்சு நுழையிற மாதிரி இன்னொண்ணு. அதோட படிக்கல்லு நடுவுல குழிஞ்சு கிடந்துச்சு.

"முத்தரசண்ணே, அந்தக் கல்லைப் பேத்து முன்வாசல்ல போடுங்க. நல்லா பழசா, அம்சமா இருக்கும்! இந்த வாசலை அடைச்சிருங்க" அப்படின்னாரு டாக்டர்.

முத்தரசு கடப்பாரையை எடுத்தாரு. ரெஜினா போய் அந்தக் கல்லு மேலயே நின்னுட்டா.

"மேடம், ஒரு கல்லுதானே? நகருங்க."

"முதல்ல ரெண்டு படியிலயும் தண்ணி ஊத்துங்க."

ஊத்தினாரு. முன்படியில விழுந்த தண்ணி வழிஞ்சு ஓடிருச்சு. இங்க அவ பூட்ஸைச் சுத்தி குட்டிக் குளமா நின்னுச்சு.

"அந்தக் காலத்துல முன்வாசல்ல யார் வந்திருப்பாங்க?" ரெஜினா முத்தரசைக் கேட்டா.

"பெரிய மனுஷங்க. வண்டிச் சத்தம் கேட்டதுமே கதவு திறந்திருக்கும்."

"இங்க?"

"ஊர் ஜனங்க. உதவி கேட்டு, சாவு சொல்லி..."

"வந்ததும் திறந்திருக்குமா?"

முத்தரசு அந்தக் குழியையே பார்த்தாரு. "காத்து நின்னு நின்னே தேஞ்சிருக்கு மேடம்."

"ஏம்மா, என் வீட்டுல எனக்கே பாடம் எடுக்கிறியா?" டாக்டர் குரல் ஏறிருச்சு. "அண்ணே, நீங்க பேத்தெடுங்க! இல்லேன்னா ரெண்டு பேருக்கும் இங்க வேலை இல்ல."

விசா ஞாபகம் வந்துச்சு. ஆனாலும் முத்தரசு கடப்பாரையைப் புல்லுல போட்டாரு.

"பேத்தெடுக்க மாட்டேன் சார்."

"அப்படியா! உங்க ஆபீசுக்குப் போன் போட்டுட்டு வரேன். அதுவரைக்கும் வெளியவே நில்லுங்க."

அந்தச் சின்னக் கதவு படார்னு சாத்திக்கிச்சு. சொல்லி வச்ச மாதிரி மழையும் பிடிச்சுது. முத்தரசும் கல்லு மேல ஏறி, தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நின்னாரு.

"எவ்வளவு நேரம் மேடம் நிக்கணும்?"

"நிப்போம். கல்லு இன்னும் கொஞ்சம் தேயட்டும்."